பின்பக்க ஸ்பீக்கர் ஏன் ஊமையானது?

ஆறு பெட்டிகள் வாங்கி வந்து, சுவரில் ஆணி அடித்து, ஒயரைக் கம்பளத்துக்கு அடியில் ஒளித்து, ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகிப் படம் போட்டால்... முன்னால் இருக்கும் இரண்டு பெட்டிகள் மட்டும் பேசும். பின்னால் இருப்பவை சும்மா இருக்கும். ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் கதை இது. உடனே சந்தேகம் ஸ்பீக்கர் மேல்தான் விழும். ஒயரைப் பிடுங்கி மாட்டுவார்கள், இடம் மாற்றிப் பார்ப்பார்கள், கடைசியில் கடைக்காரரைத் திட்டுவார்கள். ஆனால் பல நேரங்களில் குற்றவாளி ஸ்பீக்கர் அல்ல. ஒலி வந்து சேரும் வழிதான். அந்த வழி ஏன் இத்தனை கோளாறு பிடித்ததாக இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் 1940-ல் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த வருடம் நவம்பர் 13-ம் தேதி நியூயார்க்கின் பிராட்வே தியேட்டரில் வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' வெளியானது. லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி நடத்திய இசைக்குழுவின் இசை திரைக்குப் பின்னாலிருந்து மட்டும் வந்தால் போதாது, அரங்கம் முழுக்கச் சுற்றி வர வேண்டும் என்பது டிஸ்னியின் ஆசை. ஆர்.சி.ஏ. நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய அந்த ஏற்பாட்டுக்கு 'ஃபேன்டசவுண்ட்' என்று பெயர். படச்சுருள் தனி, ஒலிச்சுருள் தனி. ஒலிச்சுருளில் நான்கு தடங்கள். மூன்றில் இசை, நான்காவதில் எந்த நேரத்தில் எவ்வளவு சத்தம் வர வேண்டும் என்ற கட்டளை! இரண்டு சுருளும் ஒரு நொடி கூடப் பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் லாரி நிறையக் கருவிகளைக் கொண்டுபோய் இறக்கி, நிபுணர்களை வைத்துப் பொருத்த வேண்டும். செலவு கட்டுப்படியாகவில்லை. உலகப் போர் நேரம் வேறு. விரல் விட்டு எண்ணக்கூடிய ஊர்களோடு அது நின்றுபோய், பிறகு பொதுவாக வெளியானபோது படம் ஒற்றைத் தட ஒலியோடுதான் ஓடியது. சரவுண்ட் சவுண்டின் முதல் தோல்வி இது. ஸ்பீக்கரில் குறையில்லை, இசையில் குறையில்லை. ஒலியைக் கொண்டு சேர்க்கும் வழிதான் தாங்கவில்லை.

அடுத்த முயற்சி 1950-களில் வந்தது. டெலிவிஷன் அமெரிக்கர்களை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டதால் தியேட்டர்காரர்களுக்குப் பயம் பிடித்திருந்தது. 1952-ல் 'சினிராமா' ஏழு தட ஒலியோடு வந்தது. 1953-ல் 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. அதில் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று என நான்கு காந்தத் தடங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பின்பக்கத் தடம் மிகவும் ஒல்லி என்பதால் எப்போதும் 'உஸ்' என்ற இரைச்சல் வரும். அதனால் பின்னாலிருந்து ஒலி தேவைப்படும் காட்சியில் மட்டும் 12,000 ஹெர்ட்ஸ் சமிக்ஞை ஒன்றைக் கூடவே பதிவு செய்தார்கள். அது வந்தால் பின் ஸ்பீக்கர் விழிக்கும், இல்லாவிட்டால் தூங்கும். அந்த ஸ்பீக்கர் பாதிப் படம் ஊமையாக இருந்தது கோளாறினால் அல்ல, வேண்டுமென்றே!

இதுவும் நீடிக்கவில்லை. சிறிய தியேட்டர்காரர்கள் இவ்வளவு பணம் போட முடியாது என்று முரண்டு பிடிக்க, 1954-ல் ஃபாக்ஸ் நிறுவனம் இறங்கி வந்து சாதாரண ஒற்றைத் தடப் பிரதிகளுக்கும் அனுமதி கொடுத்தது. 1970-களில் வீட்டுக்குள் நான்கு ஸ்பீக்கர் வைக்கும் 'குவாட்ராஃபோனிக்' இசைத்தட்டுகள் வந்தன. சி.பி.எஸ். ஒரு முறை, சான்சுயி ஒரு முறை, ஜே.வி.சி. இன்னொரு முறை. ஒன்றுக்கு வாங்கிய கருவி இன்னொன்றுக்குச் சரியாக உதவாது. எதை வாங்குவது என்று தெரியாத வாடிக்கையாளர் எதையும் வாங்கவில்லை. அத்தோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ரே டால்பி. (இவர் 1963 முதல் 1965 வரை ஐ.நா. சார்பில் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் இருந்தவர். இங்கிருந்து போய்த்தான் லண்டனில் டால்பி லேபரட்டரீஸ் தொடங்கினார்.) 1970-களின் நடுவில் அவருடைய நிறுவனம் கொண்டுவந்த 'டால்பி ஸ்டீரியோ' செய்த தந்திரம் சுவாரசியமானது. ஒற்றைத் தடம் இருந்த அதே இடத்தில் இரண்டு ஒல்லித் தடங்களை வைத்தார்கள். அந்த இரண்டுக்குள் இடது, வலது, நடு, பின் என்று நான்கு சேனல்களை மடித்து வைத்தார்கள். நடுவில் வர வேண்டிய வசனத்தை இரண்டு தடங்களிலும் சமமாகக் கலந்தார்கள். பின்னால் வர வேண்டிய ஒலியையும் இரண்டிலும் கலந்தார்கள், ஆனால் ஒன்றுக்கொன்று தலைகீழாக. தியேட்டரில் இருக்கும் பெட்டி இரண்டையும் கூட்டிப் பார்த்து நடுவையும், கழித்துப் பார்த்துப் பின்பக்கத்தையும் பிரித்தெடுக்கும். வெறும் கூட்டல் கழித்தல் கணக்கு!

இது ஏன் ஜெயித்தது என்றால், பெட்டி வாங்காத தியேட்டரிலும் அதே பிரதி பழைய மாதிரி ஓடும். யாரும் கட்டாயமாகச் செலவு செய்ய வேண்டாம். டிஸ்னியும் ஃபாக்ஸும் தோற்ற இடம் இதுதான். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' வந்த பிறகு தியேட்டர்காரர்கள் தாங்களாகவே தேடி வந்தார்கள்.

வீட்டுக்கு சரவுண்ட் சவுண்ட் வந்ததும் இதே வழியில்தான். படத்தை வீடியோ கேசட்டில் ஸ்டீரியோவாகப் பதிந்தால், உள்ளே மடித்து வைத்த நான்கு சேனலும் யாருக்கும் தெரியாமல் கூடவே வந்துவிடும். அதைப் பிரிக்கும் கருவிகள் 1982 முதல் வீட்டுக்கு வந்தன. 1987-ல் 'ப்ரோ லாஜிக்' வந்தது. ஆனால் பின்னால் இரண்டு பெட்டி வைத்தாலும் இரண்டிலும் ஒரே ஒலிதான். அதுவும் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டப்பட்ட ஒலி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேருக்காகப் போட்ட பாதையில் நான்கு பேரை நெருக்கி அனுப்பும் பழக்கம் இங்கே நிலைபெற்றுவிட்டது. பிற்காலத் தொல்லைகள் பலவற்றுக்கு இதுதான் வேர்.

1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டல் வந்தது. இனி மடிப்பு கிடையாது. ஐந்து முழுச் சேனல், அதிர்வுக்கு ஒரு சேனல், எல்லாம் தனித்தனி. இதைத்தான் 5.1 என்கிறோம். 1990-களின் பிற்பகுதியில் டி.வி.டி. வழியாக இது வீட்டுக்குள் வந்தது. பிளேயரையும் ரிசீவரையும் இணைக்க, நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரியுமே, அந்த ஆப்டிகல் கேபிள். அது யாருக்காகப் போட்ட பாதை? சி.டி.க்காக. சி.டி. என்றால் இரண்டே சேனல்!

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். சி.டி.யின் இரண்டு சேனலுக்கு ஒரு நொடிக்குச் சுமார் 14 லட்சம் பிட் வேண்டும். ஆறு சேனலைச் சுருக்காமல் அனுப்பினால் சுமார் 46 லட்சம் பிட். அந்தப் பாதையில் அது போகாது. ஆனால் டால்பி டிஜிட்டல் ஆறு சேனலையும் சுருக்கி டி.வி.டி.யில் அதிகபட்சம் 4.48 லட்சம் பிட்டில் அடக்கிவிட்டது. அதனால் மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பினால் போகும். பிளேயரே பிரித்துவிட்டால் இரண்டு சேனல்தான் போகும். டி.வி.டி. பிளேயர் மெனுவில் 'பிட்ஸ்ட்ரீம்', 'பி.சி.எம்.' என்று இரண்டு சொற்கள் இருந்தன. என்னவென்று தெரியாமல் பி.சி.எம்.மைத் தேர்ந்தெடுத்து, 5.1 செட்டில் வருடக்கணக்காக ஸ்டீரியோ கேட்டவர்கள் உண்டு. பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. அந்தச் சொற்களை எழுதியவர்கள் மேல்தான் தப்பு.

2002 டிசம்பரில் ஹெச்.டி.எம்.ஐ. வந்தபோது பிரச்சினை தீர்ந்தது போலத் தோன்றியது. எட்டு சேனல் சுருக்காத ஒலி ஒரே கேபிளில் படத்தோடு போகும். ஆனால் இது வெறும் குழாய் அல்ல, பேசும் கேபிள். இந்தப் பக்கக் கருவி அந்தப் பக்கக் கருவியிடம் 'உன்னால் எதையெல்லாம் வாங்கிக்கொள்ள முடியும்?' என்று கேட்கும். அந்தப் பதிலை வைத்துத்தான் ஒலியை அனுப்பும். இரண்டு ஸ்பீக்கர் உள்ள டி.வி. 'எனக்கு ஸ்டீரியோ போதும்' என்று பதில் சொல்லிவிட்டால் அனுப்பும் கருவியும் ஸ்டீரியோவை மட்டும் கொடுத்துவிட்டு சும்மா இருந்துவிடும். ரிசீவர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை.

அதற்குள் வீட்டின் அமைப்பே மாறிவிட்டது. முன்பு பிளேயரில் இருந்து ரிசீவருக்குப் போய், பிறகு டி.வி.க்குப் போகும். டி.வி.க்குள்ளேயே ஆப் வந்த பிறகு ஒலி பிறப்பதே டி.வி.யில்தான். அது திரும்பி ரிசீவருக்குப் போக வேண்டும். 2009-ல் இதற்காக ஏ.ஆர்.சி. என்ற திரும்பும் பாதை ஹெச்.டி.எம்.ஐ.யில் சேர்க்கப்பட்டது. புதிய கேபிளில் புதிய பாதை. ஆனால் அதன் கொள்ளளவு மட்டும் பழைய ஆப்டிகல் கேபிளைப் போன்றது! சுருக்கிய மூட்டை போகும், சுருக்காத ஆறு சேனல் போகாது.

ஸ்ட்ரீமிங் இந்த நிலையில்தான் வந்து சேர்ந்தது. நெட்ஃப்ளிக்ஸ் 2007-ல் ஸ்ட்ரீமிங் தொடங்கியபோது ஸ்டீரியோ மட்டும்தான். 2010-ல் பிளேஸ்டேஷன் 3 வழியாக 5.1 கொடுக்க ஆரம்பித்தது. இதற்குப் பயன்பட்டது 'டால்பி டிஜிட்டல் பிளஸ்'. குறைந்த இணைய வேகத்திலும் ஆறு சேனலைக் கொண்டுவரும். ஆனால் ஆப்டிகல் கேபிளில் இது போகாது. டி.வி. அதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றித் தர வேண்டும், இல்லையென்றால் ஸ்டீரியோதான். ஆப்பிள் டி.வி. 4கே இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. அது மூட்டையைத் தானே பிரித்து, சுருக்காத ஆறு சேனலாக அனுப்பும். நேராக ரிசீவரில் செருகினால் அருமை. டி.வி.யில் செருகி, அங்கிருந்து பழைய ஏ.ஆர்.சி. வழியாகப் போனால் பின் ஸ்பீக்கர் ஊமை. செட்டிங்கில் ஒலி வடிவத்தை 'டால்பி டிஜிட்டல் 5.1' என்று மாற்றினால் உயிர் வரும். டி.வி.டி. காலத்து அதே பி.சி.எம். கதை, வேறு சட்டையில்.

இதில் சாதாரண வீட்டுக்காரர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. 2017-ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' இரண்டாம் பாகம் வெளியாகும் முன், அதை உருவாக்கிய டஃபர் சகோதரர்களோடு நெட்ஃப்ளிக்ஸ்காரர்கள் வீட்டு ஹால் போன்ற ஓர் அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் அத்தியாயத்தின் கார் துரத்தல் காட்சி, ஒலிக்கலவை அரங்கில் கேட்ட கூர்மையோடு இல்லை. இங்கே காரணம் கேபிள் கூட இல்லை. ஒலிக்கு ஒதுக்கிய பிட் அளவே குறைவு. அவசரமாக அதை உயர்த்தினார்கள். அந்த அனுபவத்தில் இருந்து, 2019-ல் இணைய வேகத்துக்கு ஏற்ப ஒலித்தரமும் ஏறி இறங்கும் முறையை அறிவித்தார்கள். 5.1 ஒலிக்கு 192 முதல் 640 கிலோபிட் வரை. மாதக்கணக்கில் வேலை செய்த ஒலிக் கலைஞரின் உழைப்பு கடைசி பத்தடியில் காணாமல் போகிறது என்பதைப் படைத்தவர்களே ஹாலில் உட்கார்ந்து கேட்க நேர்ந்தது!

2017-ல் வந்த ஹெச்.டி.எம்.ஐ. 2.1-ல் 'இ.ஏ.ஆர்.சி.' என்ற அகலமான திரும்பும் பாதை கிடைத்தது. சுருக்காத எட்டு சேனலும் அதில் போகும். ஆனால் டி.வி., ரிசீவர் இரண்டிலும் அது இருக்க வேண்டும். டி.வி.யில் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட துளையில் மட்டும்தான் அது வேலை செய்யும்.

எனவே கோளாறு பார்ப்பவர்கள் ஸ்பீக்கரில் ஆரம்பிக்காமல் ஒலி பிறக்கும் இடத்தில் ஆரம்பிப்பது நல்லது. முதலில், படத்தின் ஒலிப் பட்டியலில் 5.1 என்று போட்டிருக்கிறதா? சில படங்களில் மூல மொழிக்கு 5.1 இருக்கும், டப்பிங்குக்கு ஸ்டீரியோ மட்டும் இருக்கும். அப்போது தேடுவதில் பொருளே இல்லை. பிறகு ஸ்டிக்கின் செட்டிங், பிறகு டி.வி.யின் ஒலி செட்டிங். அதில் 'பாஸ் த்ரூ' இருந்தால் அது. முடிந்தால் டி.வி.யைத் தாண்டி ஸ்டிக்கை நேராக ரிசீவரில் செருகிப் பார்ப்பது. கடைசியாக ரிசீவரின் சின்னத் திரையைப் படிப்பது. அங்கே 'டால்பி டிஜிட்டல்' அல்லது 'மல்டி சேனல்' என்று வந்தால் பெரும்பாலும் ஆறு சேனலும் வந்து சேர்ந்துவிட்டது, இனி தாராளமாக ஒயரைச் சந்தேகப்படலாம். 'ப்ரோ லாஜிக்' என்று வந்தால், பின்னாலிருந்து சத்தம் கேட்டாலும் வந்தது இரண்டு சேனல்தான். மீதியை ரிசீவர் அந்தப் பழைய கூட்டல் கழித்தல் கணக்கைப் போட்டுத் தானே உருவாக்கிக்கொண்டிருக்கிறது.