ஆணி கம்பெனியில பிறந்த ரேஸ் சைக்கிள்

பழைய ரேஸ் சைக்கிள் விற்கிறவங்க விளம்பரத்துல ஒரு நம்பர் திரும்பத் திரும்ப வரும்: 531. இதை ‘ஃபைவ் த்ரீ ஒன்’னுதான் சொல்லணும், ஐநூத்தி முப்பத்தொண்ணுன்னு சொன்னா முறைப்பாங்க. இன்னைக்கு எபிசோட் இந்த நம்பரைப் பத்தித்தான்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம்ல ரெனால்ட்ஸ் குடும்பம் ஆணி செஞ்சு வித்துட்டு இருந்தது. 1890கள்ல ஊரே சைக்கிள் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சப்போ, ஆல்ஃப்ரெட் ரெனால்ட்ஸ் ஒரு சிக்கலைப் பிடிச்சுக்கிட்டார். குழாய் மெலிசா இருந்தா சைக்கிள் லேசாகும், ஆனா மூட்டுல உடையும். தடிமனா இருந்தா உடையாது, ஆனா கனக்கும். 1897-ல அவர் காப்புரிமை வாங்கின தீர்வு இதுதான்: வெளியே பார்த்தா குழாய் ஒரே அளவு. உள்ளே மட்டும் ரெண்டு முனையிலும் தடிமன், நடுவில் மெலிசு. ‘பட்டட் டியூப்’னு பேர். எங்கே பாரம் விழுதோ அங்கே மட்டும் செலவு பண்றது. நாங்க கோடு எழுதுறப்போ இதைப் பெரிய தத்துவமா பேசுவோம்.

1935-ல அதே கம்பெனி மாங்கனீஸும் மாலிப்டினமும் சேர்த்த புது ஸ்டீலைக் கொண்டுவந்தது. அதுதான் 531. முனையில 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5 சொச்சம். அஞ்சாறு ஏ4 தாளை அடுக்கினா வர்ற தடிமன்தான். அதுமேல உட்கார்ந்து ஆல்ப்ஸ் மலை இறங்கினாங்க.

இவ்வளவு மெலிசான குழாயை வெல்டிங் பண்ணா அதோட பலமே போயிடும். அதனால மூட்டுக்கு ‘லக்’ங்கிற உறையைப் போட்டு, இடைவெளியில பித்தளையை உருக்கி ஓட விடுவாங்க. பித்தளை சுமார் 900 டிகிரியில ஓடும், ஸ்டீல் உருக 1,400-க்கு மேல வேணும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, திரும்பச் சூடு காட்டினா மூட்டு கழண்டு வரும்ங்கிறதுதான். அடிபட்ட குழாயை மட்டும் உருவிட்டு, புதுசு மாட்டலாம்.

ஆபீஸ் வேலையா ரெண்டு வருஷம் பர்மிங்ஹாம்ல இருந்தப்போ, ரிடையர் ஆன ஒரு பெரியவர்கிட்ட அப்படி ஒண்ணை வாங்கினேன். 70கள்ல செஞ்ச ஃப்ரேம். அவர் ஒரு கார்ல மோதினதுல மேல் குழாயும் கீழ் குழாயும் வளைஞ்சு, ரெண்டையும் மாத்தியிருந்தார். அதுக்கப்புறமும் முப்பது வருஷம் ஓட்டியிருக்கார். கியர் லீவர் கீழ் குழாய்மேல இருக்கும். கிளிக் எல்லாம் கிடையாது. ஏத்தத்துல ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, குனிஞ்சு தள்ளி, செயினோட கரகரப்பு நிக்குற வரைக்கும் காதால தேடணும். கிளென்ட் குன்றுகள் பக்கம் நாலஞ்சு ஞாயிறு போனதும் காது பழகிடுச்சு. ஸ்டீல் அதிர்வை விழுங்கிடும்னு சொல்வாங்க. என்னைக் கேட்டா பாதிப் பெருமை டயருக்குத்தான் போகணும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இங்கே ஒரு உறவு இருக்கு. ரெனால்ட்ஸ் 1928-லயே ‘டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்’ குழுமத்துக்குள்ள போயிடுச்சு. சுருக்கமா டிஐ. 1949-ல முருகப்பா குடும்பத்தோட சேர்ந்து சென்னையில டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கினதும் இதே டிஐ-தான். தாத்தாவோட ஹெர்குலிஸ் அம்பத்தூர்ல இருந்து வந்ததுதானே? 1980-ல யோப் ஸூட்டமெல்க் டூர் டி ஃபிரான்ஸ் ஜெயிச்ச டீமோட பேர் டிஐ-ராலே. அவங்க ஃப்ரேம் 531-ஐவிட மெலிசான ரெனால்ட்ஸ் 753. அந்தக் குழாயைப் பத்த வைக்க, முதல்ல மாதிரி மூட்டு செஞ்சு அனுப்பி ரெனால்ட்ஸ்கிட்ட பாஸ் ஆகணும். 90கள்ல அலுமினியமும் அப்புறம் கார்பனும் வந்து ஸ்டீலைப் பந்தயத்திலிருந்து கிட்டத்தட்ட அனுப்பிடுச்சு.

என் சைக்கிளை அட்டைப்பெட்டியில போட்டு சென்னைக்குக் கொண்டுவந்தேன். போன வருஷம், பின்சக்கரம் உட்கார்ற தகடு குழாயோட சேர்ற இடத்துல விரிசல். சைக்கிள் கடைகள்ல ஃப்ரேமையே மாத்தச் சொன்னாங்க. கடைசியில அம்பத்தூர்ல, மூணு சக்கர வண்டி ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன்கிட்ட போனேன். கேஸ் தீ அதிகமானா 531 அங்கேயே காலி, எனக்கு உள்ளுக்குள்ள உதறல். அவர் குழாயை நகத்தால ஒரு சுண்டு சுண்டினார். “மெலிசு தம்பி, பித்தளையிலதான் வைக்கணும்”னார். நான் இன்னும் வாயே திறக்கல.

இருபது நிமிஷ வேலை. அந்த இடத்துக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கல, பித்தளை வெளியே மஞ்சளா தெரியுது.