விரலில் மாட்டும் கருவி: 95-க்கும் 90-க்கும் நடுவில் என்ன நடக்கிறது?

2021 ஜூலையில் சிலாங்கூரின் பெரும்பகுதி கடுமையான நடமாட்டக் கட்டுப்பாட்டில் இருந்தது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவு கோவிட் நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. வீட்டிலேயே தனிமையில் இருந்தவர்களுக்குத் துணை, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர்தான். "95-க்குக் கீழ போனா உடனே சொல்லுங்க" என்பார்கள். அதென்ன 95?

ஆக்சிஜன் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் அவ்வளவாகக் கரையாது. சுமார் 98 விழுக்காடு, சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின் மீது ஏறித்தான் போகிறது. ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் நாலு இருக்கை. கேஎல் சென்ட்ரல் எல்ஆர்டியில் நடக்காத ஒன்று இங்கே நடக்கும்: ஒருவர் உட்கார்ந்தால் அடுத்தவருக்கு இடம் கிடைப்பது இன்னும் சுலபமாகிவிடும். இறங்கும்போதும் அப்படித்தான், ஒருவர் எழுந்தால் மற்றவர்களும் மளமளவென்று எழுவார்கள். உழைக்கும் தசையில் உள்ள சூடும் கார்பன் டை ஆக்சைடும் அவர்களை இன்னும் வேகமாக இறக்கிவிடும்.

ஆபத்தும் இதில்தான். ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து 60-க்கு விழுந்தாலும், கருவி 98-லிருந்து 90-க்குத்தான் இறங்கும். அதற்குப் பிறகு வெறும் 20 குறைந்தால் போதும், எண் 75-க்குப் போய்விடும். அதாவது 90 என்பது மலை விளிம்பு. 95-லேயே எச்சரிப்பது அதனால்தான்.

"மூச்சு திணறவே இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்?" கோவிட் காலத்தில் பலரை ஏமாற்றியது இதுதான். மூச்சு வாங்கச் சொல்லி மூளையை முதலில் உசுப்புவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடின் பெருக்கம். அதுவோ பெரும்பாலும் பைகார்பனேட்டாக மாறி ரத்தத்தில் பயணித்து, பழுதான நுரையீரல் வழியாகக்கூட எளிதாக வெளியேறிவிடும். எண் 85-க்குப் போயும் ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்.

கருவியும் தவறலாம். அது சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை விரலுக்குள் பாய்ச்சி அளக்கிறது. தோல் நிறமி குறுக்கே வரும். 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி கண்டுபிடிக்காத ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. கருந்தோல் உள்ள நம்மில் பலரும் கவனிக்க வேண்டிய செய்தி. குளிர்ந்த விரலும் அடர்ந்த நகப்பூச்சும்கூட எண்ணைக் குழப்பும். ஒரே ஒரு எண்ணைவிட, காலையிலிருந்து அது எப்படி இறங்குகிறது என்பதைப் பாருங்கள்.

கார்பன் மோனாக்சைடு இதைவிட மோசம். மூடிய இடத்தில் ஓடும் வண்டி எஞ்சினிலிருந்து வரும் இந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஆக்ஸிமீட்டர் அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி 98 காட்டக்கூடும்.