சதுரங்கப்பட்டினமும் அமெரிக்கச் சண்டையும்

மாமல்லபுரம் போற கூட்டம் பெரும்பாலும் கடற்கரைக் கோயிலோட திரும்பிடுது. அங்கேருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனீங்கன்னா சதுரங்கப்பட்டினம். பக்கத்துல கல்பாக்கம் அணுமின் நிலையம். இந்தப் பக்கம் அமைதியான மணல், ஒரு செங்கல் கோட்டை. வெள்ளைக்காரன் வாய்ல ஊர் பேரு 'சட்ராஸ்' ஆயிடுச்சு.

கோட்டை டச்சுக்காரங்களோடது. 17-ஆம் நூற்றாண்டுல அவங்க இங்கே வந்ததே துணிக்காகத்தான். சுத்துப்பட்டு நெசவாளிங்க நெய்த மஸ்லின் இங்கிருந்து கப்பலேறிச்சு. கோட்டைக்குள்ள டச்சுக் கல்லறைகள் இருக்கு, அழகா செதுக்கின கற்கள். துணி நெய்தவங்க பேரை அதுல தேடாதீங்க.

இனிதான் வேடிக்கை. அமெரிக்க விடுதலைப் போர்ல பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் நின்னுச்சு. அமெரிக்காவோட வியாபாரம் பண்ணின டச்சுக்காரங்க மேலயும் 1780 டிசம்பர்ல பிரிட்டன் போர் அறிவிச்சுது. விளைவு? 1781-ல சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயர் கையில. 1782 பிப்ரவரி 17 அன்னிக்கு இதே கடல்ல ஹியூஸோட ஆங்கிலேயக் கப்பல்களும் சுஃப்ரனோட பிரெஞ்சுக் கப்பல்களும் மோதிச்சு. வெற்றி தோல்வி தெளிவா இல்லை. சுஃப்ரன் அப்புறம் பரங்கிப்பேட்டைல படையை இறக்கினார், ஹைதர் அலிக்கு உதவியா.

1824 ஒப்பந்தத்துல டச்சுக்காரங்க இந்தியாவுல இருந்த தங்கள் இடங்களை பிரிட்டனுக்கு விட்டுக் கொடுத்தாங்க.

எங்கேயோ மூண்ட சண்டைக்கு இந்த ஊரும் விலை கொடுத்திருக்கு. பள்ளிக்கூடப் பாடத்துல அமெரிக்கா தனி, மைசூர்ப் போர் தனின்னு படிச்சோமே, ரெண்டும் சேர்ற இடம் இது. அடுத்த தடவை மாமல்லபுரம் போனா, ஒரு மணி நேரம் இதுக்கும் ஒதுக்குங்க மக்களே!