அலகுக் கட்டைகள்

அலகுக் கட்டைகள் என்பவை ஒன்றுக்கொன்று அளவு பொருந்தும்படி அறுத்து இழைத்த, சாயம் பூசாத விளையாட்டு மரக்கட்டைகள். மரவேலை கற்பித்துவந்த அமெரிக்கக் கல்வியாளர் கரோலின் பிராட் (1867–1954) இவற்றை வடிவமைத்தார். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் 1914இல் அவர் தொடங்கிய பள்ளியில் புத்தகத்துக்கு முன்னால் கட்டைதான்.

அடிப்படைக் கட்டை 5½ அங்குல நீளம், 2¾ அங்குல அகலம், 1⅜ அங்குலக் கனம் கொண்டது. நீளத்தில் பாதி அகலம். அகலத்தில் பாதி கனம். இரட்டைக் கட்டை 11 அங்குலம், அதனினும் பெரியது 22 அங்குலம். நெட்டைக் கட்டைகள் தீர்ந்துபோனால் குழந்தை இரண்டு குட்டைக் கட்டைகளை ஒட்டி வைத்துச் சுவரை முடிக்கிறது. பின்னம் என்ற சொல்லைக் கேட்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாதியும் கால்வாசியும் கைக்குப் பழகிவிடுகின்றன.

கட்டைகளைக் கல்விக்குக் கொண்டுவந்தவர் பிராட் அல்லர். ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் ஃபிரோபல் 1830களிலேயே 2 அங்குலக் கனசதுரத்தை எட்டாகப் பகுத்துக் கொடுத்தார். ஆனால் அவை மேசைமேல், ஆசிரியர் சொன்னபடி அடுக்குவதற்கானவை. பிராட் பெரிய கட்டைகளைத் தரையில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்த ஒதுங்கல்தான் அவருடைய பெரிய பங்களிப்பு எனலாம்.

கட்டை விளையாட்டின் படிநிலைகளைக் கல்வியாளர் ஹாரியட் ஜான்சன் 1933இல் விவரித்தார்: முதலில் சும்மா தூக்கித் திரிதல், பிறகு வரிசையும் கோபுரமும், அதன்பின் பாலம். இரண்டு தூண்களை நிறுத்தி மேலே ஒன்றைக் கிடத்த வேண்டும். இடைவெளி அதிகமானால் கட்டை உள்ளே விழும். தூணை நெருக்குவதா, நீளமான கட்டையைத் தேடுவதா என்று குழந்தை தயங்கும் அந்தக் கணத்தில் நடப்பது நீள ஒப்பீடு. நாற்புறமும் அடைப்பது, இருபக்கமும் ஒத்த வடிவம் எழுப்புவது, கட்டியதற்குப் பெயரிடுவது எல்லாம் அடுத்து வரும்.

சார்லஸ் வுல்ஃப்காங்கும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு 37 பேரைப் பள்ளி இறுதிவரை பின்தொடர்ந்தது. கட்டை அடுக்கும் திறனுக்கும் கணிதத் தேர்ச்சிக்கும் தொடக்க வகுப்புகளில் தொடர்பு தெரியவில்லை. ஏழாம் வகுப்பிலும் உயர்நிலைப் பள்ளியிலும் தெரிந்தது. 37 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. தொடர்பு இருப்பதாலேயே அது காரணமாகிவிடாது.

பிராட் காப்புரிமை பெறாததால் பல நிறுவனங்கள் இக்கட்டைகளைச் செய்கின்றன. மேப்பிள் போன்ற வன்மரமே வழக்கம். வாங்கும்போது பார்க்க வேண்டியது பளபளப்பையல்ல, அறுப்பின் துல்லியத்தை. அது பிசகினால் இரண்டு அரைக்கட்டைகள் சேர்ந்தும் ஒரு முழுக்கட்டை ஆகாது.