இணைய ஏலத்தில் வீடு: பொத்தானை அழுத்தும் முன் கணக்கை முடியுங்கள்

ஸ்ரீ கெம்பாங்கான் – "லெலோங் வீடு, சந்தை விலையைவிட மலிவு" என்ற விளம்பரங்கள் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் வலம் வருகின்றன. செர்டாங் ராயா, பூச்சோங், கிள்ளான் என்று தெரிந்த இடங்களின் பெயரைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்பு. வாடகை வீட்டிலேயே காலம் தள்ளும் குடும்பத்திற்குச் சொந்த வீட்டுக்கு இதுவே குறுக்கு வழியாகத் தோன்றும்.

வழி உண்மைதான். ஆனால் ஏலத்தில் பணத்தை இழப்பவர்களில் பலர், விலையைக் கூட்டிக் கேட்டதால் மட்டும் இழப்பதில்லை. கேட்பதற்கு முன் பார்க்க வேண்டியதைப் பார்க்காததால் இழக்கிறார்கள்.

எந்த ஏலம் என்று முதலில் பாருங்கள்

வங்கிக் கடன் கட்டப்படாத வீடுகள் மூன்று வழிகளில் ஏலத்துக்கு வருகின்றன.

முதலாவது, உயர் நீதிமன்ற ஏலம். நிலப் பதிவகத்தில் பதிவான தனிப்பட்டா உள்ள சொத்துகள் இதில் வரும். நீதித்துறையின் இ-லெலோங் தளத்தில் பதிவு செய்துகொண்டு, வீட்டிலிருந்தே விலை கேட்கலாம். சிலாங்கூர் சொத்துகளுக்குப் பெரும்பாலும் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தின் பெயரைக் காண்பீர்கள்.

இரண்டாவது, நில அலுவலக ஏலம். மாவட்ட நில அலுவலகத்தில் பதிவான பட்டாக்களை அங்குள்ள நில நிர்வாகி ஏலம் விடுவார்.

மூன்றாவது, தனிப்பட்டா இன்னும் வெளிவராத வீடுகள். பழைய அடுக்குமாடிகள் பல இந்த வகையே. இவற்றை நீதிமன்றத்தின் வழியாக இல்லாமல், வங்கி தானே ஏலக்காரரை அமர்த்தி விற்கும். பல ஏலக்காரர்கள் இதையும் இணையத்திலேயே நடத்துகிறார்கள்.

மூன்றுக்கும் விதிமுறை ஒன்றல்ல. எனவே, 'பெர்ஷித்திஹாரான் ஜுவாலான்' எனப்படும் விற்பனைப் பிரகடனத்தை முழுமையாகப் படியுங்கள். மலாய் அல்லது ஆங்கிலச் சட்டச் சொற்கள் புரியவில்லை என்றால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்பதற்கு ஆகும் செலவு வீண் செலவல்ல.

10 விழுக்காடும் 120 நாளும்

தேசிய நிலச் சட்டத்தின்படி நடக்கும் நீதிமன்ற, நில அலுவலக ஏலங்களில் கலந்துகொள்ள, தொடக்க விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்ட வேண்டும். தொடக்க விலை 120,000 வெள்ளி என்றால் முன்பணம் 12,000 வெள்ளி. தோற்றால் அந்தப் பணம் திரும்பி வரும்.

வென்றால், மீதி முழுவதையும் ஏல நாளிலிருந்து 120 நாட்களுக்குள் செலுத்தியாக வேண்டும். இந்தக் காலக்கெடு நீட்டிக்கப்படாது என்று சட்டமே சொல்கிறது. கட்டத் தவறினால் முன்பணம் பறிமுதல் ஆகும். அந்தப் பணத்தில் முதலில் ஏலச் செலவு கழிக்கப்படும். மீதி, பழைய உரிமையாளரின் கடனில் வரவு வைக்கப்படும். உங்களுக்கு ஒரு காசும் திரும்பாது.

வங்கி தானே நடத்தும் ஏலத்தில் கெடு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். 90 நாள் என்பது வழக்கம். வென்ற விலை தொடக்க விலையைத் தாண்டினால், வென்ற விலையில் 10 விழுக்காடு வரும்படி முன்பணத்தை உடனே கூட்டிக் கட்டவும் சொல்வார்கள்.

பல குடும்பங்களுக்கு இந்த 12,000 வெள்ளி, நகையை அடகு வைத்தும் கூத்துப் பணம் எடுத்தும் சேர்த்த தொகையாக இருக்கும். எனவே, "வென்ற பிறகு கடனுக்கு மனு செய்யலாம்" என்று இருக்காதீர்கள். பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையை முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று வங்கிகளில் உங்களுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும், அந்தக் குறிப்பிட்ட கட்டடத்திற்குக் கடன் தருவார்களா என்று கேளுங்கள். மிகப் பழைய அல்லது குறைந்த விலை அடுக்குமாடிகளுக்குக் கடன் தரத் தயங்கும் வங்கிகள் உண்டு.

வாங்கும் தகுதி உங்களுக்கு உண்டா?

மலாய் ஒதுக்கீட்டு நிலத்தையும் பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீட்டையும் மற்றவர்கள் ஏலத்தில் எடுக்க முடியாது. பிரகடனத்தில் இது குறிப்பிடப்பட்டிருக்கும். குத்தகை நிலமாக இருந்தாலோ, குறைந்த விலை வீடாக இருந்தாலோ, பெயர் மாற்றத்திற்கு மாநில அரசின் அனுமதி தேவைப்படலாம். அதற்கு ஆகும் நாட்களையும் கணக்கில் சேருங்கள். திவால் ஆனவர்கள் ஏலத்தில் கலந்துகொள்ள முடியாது.

நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பட்டாவைத் தேடிப் பார்த்தால், உரிமையாளர் பெயர், குத்தகைக் காலம், கட்டுப்பாடுகள் ஆகியவை தெரிந்துவிடும். குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

வீட்டை நேரில் சென்று பாருங்கள்

ஏல வீடு உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது. கூரை ஒழுகினாலும், கம்பிகள் அறுக்கப்பட்டிருந்தாலும் வங்கி பொறுப்பேற்காது. உள்ளே செல்ல அனுமதி கிடைப்பது அரிது. ஆனால் வெளியிலிருந்து பார்க்கலாம். பக்கத்து வீட்டாரிடமும் காவலாளியிடமும் பேசலாம். மின்தூக்கி வேலை செய்கிறதா என்று மாலை வேளையில் சென்று பாருங்கள். நிர்வாக அலுவலகத்தில் அந்த வீட்டின் பராமரிப்புக் கட்டண நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள். நில வரி, கதவு வரி, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றின் பாக்கியை யார் கட்டுவது, எந்த வரம்பு வரை என்பதைப் பிரகடனத்தில் பாருங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். வீட்டில் ஆள் குடியிருந்தால், அவர்களை வெளியேற்றித் தரும் பொறுப்பு வங்கிக்கு இல்லை. அது வாங்கியவரின் பொறுப்பு. அவர்கள் தாமாகப் போகாவிட்டால் நீதிமன்ற ஆணை பெற வேண்டும். பூட்டை உடைப்பதும் ஆள் வைத்து மிரட்டுவதும் உங்களையே குற்றவாளியாக்கும்.

உச்ச விலையை எழுதி வையுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. தொடக்க விலை 120,000 வெள்ளியாக உள்ள ஒரு வீட்டைப் போன்ற வீடு, அதே கட்டடத்தில் 150,000 வெள்ளிக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்ப்பு 12,000, நிலுவைக் கட்டணங்கள் 4,000, வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி, ஆளை வெளியேற்றும் செலவு எல்லாம் சேர்த்து 8,000. மொத்தம் 24,000 வெள்ளி. அப்படியானால் உங்கள் உச்ச விலை 126,000 வெள்ளி. அதற்கு மேல் போனால் ஏல வீடு மலிவு அல்ல; தொல்லையுடன் வரும் சாதாரண வீடு.

உரிமை மாற்ற முத்திரை வரி, முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு. அடுத்த 400,000 வெள்ளிக்கு 2 விழுக்காடு. விற்பனை விலைகளைத் தேசியச் சொத்துத் தகவல் மையமான நாபிக்கின் தரவுகளில் சரிபார்க்கலாம். முகவர் சொல்லும் 'சந்தை விலை'யை மட்டும் நம்ப வேண்டாம்.

ஏலம் தொடங்கியதும் திரையில் எண்கள் ஏறும்போது, "இன்னும் ஆயிரம்தானே" என்று கை துடிக்கும். எதிராளி அதிகம் கேட்பது, அவருக்கு அந்த வீட்டைப் பற்றி அதிகம் தெரியும் என்பதற்குச் சான்றல்ல. கொடுத்த விலையைத் திரும்பப் பெற முடியாது. உச்ச விலையைத் தாளில் எழுதி, கணவன் மனைவி இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே உள்நுழையுங்கள்.

கேட்பார் இல்லாத வீட்டின் தொடக்க விலை, அடுத்த ஏலத்தில் வழக்கமாக 10 விழுக்காடு குறைக்கப்படும். காத்திருப்பதும் ஓர் உத்திதான். ஆனால் நான்கைந்து முறை விலை குறைந்தும் எவரும் எடுக்காத வீடு என்றால், காரணத்தைக் கண்டறியாமல் காலை விடாதீர்கள்.

முன்பணத்தைத் தனிநபர் வங்கிக் கணக்கில் செலுத்தச் சொன்னால் உடனே விலகிவிடுங்கள். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், தாமதிக்காமல் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

உங்கள் வீடே ஏலத்துக்கு வந்தால்

இதைப் படிப்பவர்களில், வங்கிக் கடிதத்தைத் திறக்கப் பயந்து அலமாரியில் வைத்திருப்பவர்களும் இருக்கலாம். நீதிமன்ற, நில அலுவலக ஏலங்களில், ஏலம் முடியும் வரை கடன் நிலுவையையும் செலவையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமையைத் தேசிய நிலச் சட்டம் உங்களுக்குத் தருகிறது. ஏலத் தொகையில் கடன் போக மிச்சம் இருந்தால், அதைக் கேட்டுப் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

அதற்கும் முன்பே, தவணை தவறிய முதல் மாதத்திலேயே வங்கியிடம் பேசுங்கள். பேங்க் நெகாரா 2006-ஆம் ஆண்டு அமைத்த ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை நிறுவனம், கடனை மறுசீரமைக்க இலவசமாக உதவுகிறது. ஏலத் தேதி குறித்த பிறகு ஓடுவதைவிட, முதல் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு செல்வது நல்லது.