உமணர் உப்பும் கழுத்துக் கழலையும்

கடலுப்பை உண்டமையால் பண்டைத் தமிழர் கழுத்துக் கழலை அறியாது வாழ்ந்தனர் என்று கூறுவார் உளர். இக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உப்பு வாணிகத்திற்குச் சங்க நூல்களில் சான்று மிகுதி. அம்மூவனார் பாடிய அகநானூற்று 140, 390 ஆம் பாடல்கள் நெல்லுக்கு நேராக உப்பு மாற்றப்பட்டதைக் காட்டுகின்றன. பெரும்பாணாற்றுப்படை உமணரின் வண்டி நிரையை விரித்துரைக்கின்றது. மலைபடுகடாம் போற்றும் நன்னனது செங்கண்மா, திருவண்ணாமலைக்கு மேற்கிலுள்ள இன்றைய செங்கம் ஆகும். கடலில்லா இந்நாட்டிற்கு உப்பு வெளியிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். இன்றும் மரக்காணத்து உப்பளங்கள் திருவண்ணாமலைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஆகவே, உப்பு வந்தது என்பதில் ஐயமில்லை. அதனோடு அயோடினும் வந்ததா என்பதே வினா.

1811இல் கூர்த்துவா என்னும் பிரெஞ்சு அறிஞர் அயோடினைக் கண்டது கடற்பாசிச் சாம்பலில், உப்பில் அன்று. 1895இல் பாமன் என்னும் செருமானியர் அது தைராய்டுச் சுரப்பியில் உறைவதைக் கண்டார். கடல்நீரில் அயோடின் மிகச் சிறிதே. உப்புப் படிகமாகுங்கால் அச்சிறிதும் பெரும்பாலும் எஞ்சிய நீரிலேயே தங்கிவிடுகின்றது. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம். பத்து இலட்சத்தில் 15 பங்கு அயோடின் சேர்த்த உப்பு 10 கிராம் உண்டால் அவ்வளவு கிடைக்கும். சேர்க்கப்படாத கடலுப்போ அவ்வளவினை எட்டாது. எனவே, உமணர் கொணர்ந்தது சுவையேயன்றிக் கழலைக்குக் காப்பன்று என்பது தெளிவு.

இக்குறையைத் தீர்க்கும் வழி நம் நாட்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. 1956இல் வி. இராமலிங்கசுவாமி முதலியோர் இமயமலைச் சாரலிலுள்ள காங்கிராப் பள்ளத்தாக்கில் ஆய்வு தொடங்கினர். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்குக் கலவாத உப்பும் வழங்கினர். கலந்த உப்பை உண்டோரிடையே கழலை குறைந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தோன்றியது. பிற்கால ஆய்வுகள் இக்குறை மலைநாட்டிற்கு மட்டும் உரியதன்று என உணர்த்தின. 2006இல் மக்கள் நேரே உண்ணும் உப்பை அயோடின் இன்றி விற்பது மீண்டும் தடை செய்யப்பட்டது.

இனி, சங்கப் பாடல்கள் கழலையைப் பாடவில்லை எனக் கொள்ளினும், பாடாமை நோயின்மைக்குச் சான்றாகாது. அகமும் புறமும் பாடிய புலவர் நோய்ப்பட்டியல் எழுத வந்தவர் அல்லர்.

இத்தவறு ஏட்டளவில் நிற்பதாயின் யாம் இத்துணை வற்புறுத்தோம். முன்னோர் உப்பு என்னும் பெருமையால் அயோடின் சேராத கல்லுப்பைக் கருவுற்ற மகளிர் விரும்பி உண்பாராயின், பிற அயோடின் உணவும் குறைந்தவிடத்து, பிறக்கும் மகவின் மூளை வளர்ச்சி குன்றக்கூடும். பழந்தமிழ் நூல்களைச் சான்று காட்டுவோர் அவை சொல்லாததை அவற்றின்மேல் ஏற்றாதிருத்தல் வேண்டும். நூலுக்குச் செய்யும் நன்றியும் அதுவே. நாட்டிற்குச் செய்யும் நன்மையும் அதுவே என்பது எம் கருத்து.