சோனார் வரலாற்றில் ஒரு வெப்பமானி

நீரடி ஒலியறிதலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளை வரிசைப்படுத்துவார்கள். 1826-இல் கொலாடனும் ஸ்டர்மும் ஜெனீவா ஏரியில் நீருக்குள் மணியடித்து ஒலிவேகத்தை அளந்தனர். 8 டிகிரி நீரில் அது நொடிக்கு 1435 மீட்டர். 1914-இல் ஃபெசண்டன் ‘மயாமி’ என்ற கப்பலிலிருந்து ஒலியனுப்பிப் பனிமலையின் எதிரொலியைக் கேட்டார். முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு நீர்மூழ்கியின் எதிரொலியைப் பெற்றார். இந்த வரிசையில் தவறில்லை. ஆனால் ஒலியை எழுப்பியதும் கேட்டதும் மட்டுமே இதில் இடம்பெறுகின்றன. ஒலி கடந்து வந்த நீர் எங்கும் பேசப்படுவதில்லை. சோனாரை ஒரு கைத்திறனிலிருந்து அறிவியலாக உயர்த்தியது, ஒலியை எழுப்பவோ கேட்கவோ செய்யாத ஒரு கருவி என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆழத்துக்கு ஆழம் கடல்நீரின் வெப்பநிலையைக் கீறிக் காட்டிய பாத்திதெர்மோகிராஃபைத்தான் சொல்கிறேன்.

1930களின் நடுவில் அமெரிக்கக் கடற்படையின் ‘செம்ஸ்’ என்ற கப்பல் சோனார் சோதனைகளுக்குப் பயன்பட்டது. காலையில் தெளிவாகக் கிடைத்த எதிரொலி பிற்பகலில் மங்கியது. சில நாள் அறவே மறைந்தது. கருவியைக் கழற்றிப் பார்த்தார்கள், பழுதில்லை. காதில் கேட்பொறியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் உண்ட மயக்கமே காரணம் என்றும் பேச்சு எழுந்தது. கடற்படை உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் உதவியை நாடியது. 1937-இல் கியூபாவின் குவாண்டநாமோ விரிகுடாவுக்கு வெளியே ‘செம்ஸ்’ கப்பலும் உட்ஸ் ஹோலின் ‘அட்லாண்டிஸ்’ ஆய்வுக்கப்பலும் சேர்ந்து பணியாற்றின. அந்நிறுவனத்தின் கொலம்பஸ் ஐஸ்லின் நீரின் வெப்பநிலையை அடுக்கடுக்காக அளந்தபோது விடை கிடைத்தது. வெயில் ஏற ஏற மேற்பரப்பை ஒட்டிய சில மீட்டர் நீர் மட்டும் ஓரிரு டிகிரி சூடாகியிருந்தது.

ஓரிரு டிகிரிதானே என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 25 டிகிரியை ஒட்டிய கடல்நீரில் வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் ஒலிவேகம் நொடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் கூடும். மேலுள்ள 10 மீட்டர் நீருக்குள் 2 டிகிரி வேறுபாடு இருப்பதாகக் கொண்டால், அந்த அடுக்கின் உச்சிக்கும் அடிக்கும் இடையே ஒலிவேகம் 5 மீட்டர் அளவில் வேறுபடும். நொடிக்கு 1500 மீட்டரைத் தாண்டிய வேகத்தில் இது மூன்றிலொரு விழுக்காடு. ஆயினும் ஒலிக்கதிர் எப்போதும் வேகம் குறைந்த பக்கமாகவே வளையும். இந்தச் சரிவில் அது சுமார் 3 கிலோமீட்டர் ஆரமுள்ள வில்லாகக் கீழ்நோக்கி வளைகிறது. மேற்பரப்பை ஒட்டிக் கிடையாகப் புறப்பட்ட கதிர் 250 மீட்டர் போவதற்குள் 10 மீட்டர் இறங்கிவிடும். பிறகு, வெப்பநிலை மாறாத நீரில் அதே சாய்வில் சென்று, கப்பலிலிருந்து 1 கிலோமீட்டரில் 70 மீட்டர் ஆழத்தை எட்டிவிடும். அங்கே 20 மீட்டர் ஆழத்தில் பெரிஸ்கோப்பை நீட்டிக்கொண்டு நிற்கும் நீர்மூழ்கிக்கு மேலாகவோ அதன்மீதோ அந்தக் கதிர் போவதில்லை. நீர்மூழ்கி ஒலியின் நிழலில் நிற்கிறது. கேட்பவர் எவ்வளவு விழிப்போடு இருந்தாலும் கேட்பதற்கு அங்கே எதுவுமில்லை.

அந்த நிழலின் எல்லையை முன்கூட்டியே வரையக் கருவி வேண்டியிருந்தது. ஏதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் உருவாக்கி, பின்னர் மாரிஸ் யூவிங்கும் ஆலன் வைனும் செம்மைப்படுத்திய பாத்திதெர்மோகிராஃப் அதைச் செய்தது. டார்ப்பீடோ வடிவில் ஓர் உலோக உருளை. உள்ளே திரவம் நிரம்பிய மெல்லிய குழாய். நீர் குளிர்ந்தால் திரவம் சுருங்கி, முனையிலுள்ள ஊசியை ஒரு பக்கமாக நகர்த்தும். நீரின் அழுத்தம் கூடக்கூட, புகைக்கரி பூசிய சிறு கண்ணாடிச் சில்லு இன்னொரு திசையில் நகரும். ஓடும் கப்பலிலிருந்து கம்பியில் இறக்கி ஏற்றினால், கரியில் ஊசி கீறிய ஒற்றைக் கோடு மிஞ்சும். பக்கவாட்டில் வெப்பநிலை, நெடுக்கில் ஆழம். மின்சாரமோ கணக்கோ இல்லாமல், கடலே எழுதித் தந்த வரைபடம் அது. அதன் வளைவைப் பார்த்தே அன்றைய சோனாரின் வீச்சு எவ்வளவு என்று சொல்ல முடிந்தது. ஐஸ்லினும் யூவிங்கும் 1941-இல் அளித்த அறிக்கை இந்த முறையைக் கடற்படைக்கு விளக்கியது.

‘செம்ஸ்’ சோதனை நடந்த அதே 1937-இல்தான் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை, முதல் உலகப்போரில் நீர்மூழ்கிகளால் நேர்ந்த நெருக்கடி இனி வராது என்ற நம்பிக்கையில் இருந்தது. அந்த நம்பிக்கைக்குக் காரணம் ஆஸ்டிக் என்ற அவர்களது சோனார். கருவியை நம்பிய மனநிலைக்கும் நீரை அளக்கப் புறப்பட்ட மனநிலைக்கும் இடையிலான தொலைவை அந்த ஓர் ஆண்டிலேயே காணலாம். நிழல் தேடுபவனுக்கு மட்டும் உரியதன்று என்பதும் விரைவில் தெரிந்தது. அமெரிக்க நீர்மூழ்கிகளிலும் பாத்திதெர்மோகிராஃப் பொருத்தப்பட்டது. குளிர்ந்த அடுக்கு எங்கே தொடங்குகிறது என்று பார்த்து அதன் கீழே மறைந்துகொண்டார்கள்.

ஒலியின் வலிமையைக் கூட்டியிருந்தால் போதாதா என்று கேட்கலாம். நிழல் மண்டலத்துக்குள் சிதறலாலும் விளிம்புவளைவாலும் கொஞ்சம் ஒலி கசியும் என்பதால் இந்த மறுப்பை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் கசியும் பங்கு மிகச் சிறிது. வலிமையை இரட்டித்தாலும் கதிரின் பாதை ஒரு மீட்டர்கூட நகராது. ஒலிமூலத்தையே வெப்ப அடுக்கின் கீழே இறக்கும் சோனார்கள் பின்னர் வந்தன. எந்த ஆழத்துக்கு இறக்குவது என்பதை நீரை அளந்தவர்கள்தாம் சொல்ல முடிந்தது.

பாத்திதெர்மோகிராஃபுக்கும் ஒரு குறை உண்டு. நம் கடலுக்கு வரும்போது அது பெரிய குறை. அது உவர்ப்பை அளப்பதில்லை. திறந்த அட்லாண்டிக்கில் மேலடுக்கின் உவர்ப்பு அதிகம் மாறாததால் அங்கே இது பொறுக்கத்தக்கது. வங்கக்கடல் வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகியவை பருவமழைக் காலத்தில் கொட்டும் நன்னீர் வடக்கு வங்கக்கடலில் மெல்லிய போர்வையாகப் பரவுகிறது. இலேசான அந்த நீர் கீழுள்ள உவர்நீரோடு எளிதில் கலப்பதில்லை. குளிர்காலத்தில் மேற்பரப்பு வெப்பத்தை இழக்கும்போதும் அது மூழ்காமல் மேலேயே நிற்க, கீழ் அடுக்கு அதைவிடச் சூடாக இருக்கும் தலைகீழ் நிலை உண்டாகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தியாவின் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிப் பாய்ந்து, உவர்ப்புக் குறைந்த நீரைத் தமிழகக் கரை வழியாகவும் கொண்டுசெல்கிறது.

இதன் ஒலியியல் விளைவையும் கணக்கிடலாம். உவர்ப்பு 1 அலகு உயர்ந்தால் ஒலிவேகம் நொடிக்கு 1.1 மீட்டர் கூடும். 50 மீட்டர் ஆழத்துக்குள் உவர்ப்பு 4 அலகும் வெப்பநிலை 2 டிகிரியும் உயர்வதாகக் கொண்டால், ஒலிவேகம் ஏறத்தாழ 9 மீட்டர் கூடுகிறது. குவாண்டநாமோவில் கீழே வளைந்த கதிர் இங்கே மேலே வளைந்து, மேற்பரப்பில் பட்டுத் திரும்பி, அந்த அடுக்குக்குள்ளேயே சிறைப்பட்டு நெடுந்தூரம் போகிறது. அடுக்குக்குக் கீழே இருப்பது நிழலில் விழுகிறது. வெப்பமானியை மட்டும் நம்பியவர் இந்த மாற்றத்தில் பாதியைத்தான் காண்பார். வெப்பநிலை மாறாமல் உவர்ப்பு மட்டும் மாறும் இடத்தில் கிட்டத்தட்ட எதையும் காணமாட்டார். எனவே வங்கக்கடலில் சோனார் ஆய்வு செய்வோர் அட்லாண்டிக்கின் பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் இப்போது வலியுறுத்தக் காரணம் உண்டு. நீரடி ஒலியிலிருந்து கப்பலை இனங்காண ஆழ்கற்றல் முறைகளைப் பயன்படுத்தும் கட்டுரைகள் பெருகியுள்ளன. அவற்றில் பல இரண்டு பொதுத் தரவுத்தொகுப்புகளைச் சார்ந்தவை: 2016-இல் வெளியான ‘ஷிப்ஸ்இயர்’ ஸ்பெயினின் கலீசியக் கரையில் பதிவானது, 2021-இல் வெளியான ‘டீப்ஷிப்’ கனடாவின் ஜார்ஜியா நீரிணையில் பதிவானது. தரவைத் திறந்து வைத்தவர்களின் தொண்டு பெரிது, அதில் எனக்கு ஐயமில்லை. என் குறை, அவற்றில் கிடைக்கும் உயர்ந்த துல்லிய விழுக்காட்டைக் கடல் எதுவானாலும் பொருந்தும் என்பதுபோல் முன்வைப்பதில்தான். ஒலிவாங்கியை வந்தடைவது கப்பலின் குரல் மட்டுமல்ல. நீரடுக்கும் கடலடித்தரையும் எந்த அதிர்வெண்ணைக் கடத்தின, எதை விழுங்கின என்பதும் அதோடு கலந்தே வருகிறது. கணினி கற்பது இரண்டையும் சேர்த்துத்தான். ஒரே பதிவைத் துண்டுகளாக்கிப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிரித்துக்கொண்டால், இரு பக்கமும் அதே நீர், அதே நாள். அப்படிப்பட்ட தேர்வில் பெற்ற வெற்றி கலீசியக் கரைக்கு வெளியே எதையும் மெய்ப்பிக்காது.

ஆகவே நான் கோருவது இரண்டு. ஒரு கடலில் பயிற்றுவித்த முறையை வேறொரு கடலில், இன்னொரு பருவத்தில் சோதித்த முடிவைக் கட்டுரையாளர்கள் தர வேண்டும்; இதழ்களும் அதை வற்புறுத்த வேண்டும். அடுத்து, நம் கடல்களில் எடுக்கும் ஒவ்வொரு ஒலிப்பதிவோடும் அந்த நேரத்து வெப்பநிலை, உவர்ப்பு, ஆழம் மூன்றும் சேர்ந்தே சேமிக்கப்பட வேண்டும். இதற்கான வசதி நம்மிடம் இல்லாமல் இல்லை. கொச்சியின் கடற்படை இயற்பியல்–கடலியல் ஆய்வகத்துக்கு 1994 முதல் ‘சாகர்த்வனி’ என்ற கடல் ஒலியியல் ஆய்வுக்கப்பல் இருக்கிறது. சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆர்கோ மிதவைகள் வங்கக்கடலின் வெப்பநிலையையும் உவர்ப்பையும் தொடர்ந்து அளந்து பொதுவெளியில் தருகின்றன. பாதுகாப்புக் காரணத்தால் ஒலிப்பதிவை வெளியிட முடியாதென்றால் அதைப் புரிந்துகொள்ளலாம். நீரின் அளவீட்டை மட்டுமாவது ஆய்வாளர்களுக்குத் திறக்கலாம். போர்க்காலத்துக் கரிச்சில்லுகளில் கீறப்பட்ட வெப்பநிலைக் கோடுகள் பின்னர் உலகக் கடல் தரவுத்தளத்தில் சேர்ந்து, கடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று ஆராய்வோர் கையில் இன்றும் பயன்படுகின்றன.